இரண்டு பேர் வேண்டிய வேலை

எங்கள் பழைய கார், புதுப்பட்டினத்தில் கிளம்பிச் செங்கல்பட்டு போவதற்குள் படகாகிவிடும். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டதால், ஒரு பள்ளத்தில் இறங்கினால் நாலு முறை ஆடும். எட்டு வயதான எனக்கு அது தூளி. இடுப்பு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் அம்மாவுக்குத் தண்டனை. அப்பா கைப்பேசியில் வீடியோ பார்த்து, வாசல் புங்கமரத்தடியிலேயே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குள் அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஒருவர் காருக்கு அடியில் படுத்துப் புது ஷாக்கை மேலே அழுத்த வேண்டும். அதே நேரம் இன்னொருவர் டிக்கிக்குள் குனிந்து, ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும் கம்பியில் நட்டை மாட்ட வேண்டும். அம்மாவால் குனிய முடியாது. யாரையும் கேட்காமல் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

மாமா சிறுசேரிக்குக் கம்பெனி வண்டி ஓட்டுபவர். அடுத்த தெருவில்தான் வீடு. ஒரு கல்யாணப் பந்தியில் யார் யாரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை என்ற தகராறில், அப்பாவும் அவரும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. வந்தவர் அப்பாவைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். கழற்றிய சக்கரத்தை உருட்டிவந்து ஜாக்கிக்குப் பக்கத்தில், காருக்கு அடியில் படுக்கவைத்தார். ஏன் என்று அப்பா கேட்கவில்லை, கேட்டால் பேசியதாகிவிடும்.

ஆகவே நடுவில் நான். “பதினேழு ஸ்பேனர் எங்க கீதுன்னு உங்கப்பன கேளு” என்பார் மாமா. இருவருக்கும் இடையே மூன்றடிதான். நான் குனிந்து கேட்டு, பதிலை வாங்கிவந்து சொல்வேன். கடற்காற்றில் புங்கம்பூ பொரிபோல உதிர்ந்து காரெல்லாம் படிந்தது. தூரத்தில் அலைச் சத்தம் கேட்டபடி இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்த இரண்டு பேரும் உலகத்தில் தனித்தனியாக நின்றுவிடுவார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கச் சக்கரத்தையும் கழற்றி மாமா அதேபோல் காருக்கு அடியில் வைத்தார். அப்பா அடியில் படுத்திருந்தபோது, ஜாக்கி மணலில் சாய்ந்தது. கார் தொப்பென்று இறங்கியது.

“மாப்ள” என்றார் மாமா. மண்ணில் விழுந்து அடியில் கையை விட்டுத் துழாவினார். “மாப்ள, பேசுய்யா.”

அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “ஒண்ணும் ஆவல மச்சான். டயரு மேல நின்னுகினு கீது.”

மாமா அவரை இழுத்து வெளியே எடுத்து, தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்தார்கள். நட்டு, வாஷர், அந்தக் கல்யாணம் என்று எல்லாவற்றையும் கலந்து, நேராகவே பேசிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

என் வேலை போய்விட்டதே என்று படியில் உட்கார்ந்து அழுதேன். பின்னால் நிலைப்படியைப் பிடித்தபடி அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். பாவம், அவளுக்கும் ஏதோ போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.