அவள் புரளும்வரை மீன் இல்லை

கைகள் மேலே போகும். காதுகளை ஒட்டி நிற்கும். விரல் நுனிகள் தகரக் கூரையை நோக்கி நீளும். பிறகு, ஒன்றும் நடக்காமல், கைகள் கீழே வரும்.

என் மகளின் அந்தக் கைகளைத்தான் இந்த வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிருலப்பனைப் பக்கத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்கும் ஒரு மண்டபம், கம்பி வலை அடித்த யன்னல், அதற்கு வெளியே பெற்றோர் நிற்க ஒடுக்கமான ஒரு விறாந்தை. உள்ளே போக எங்களுக்கு அனுமதியில்லை. கொழும்பின் புழுக்கமெல்லாம் அந்த விறாந்தைக்கு வந்துதான் படுத்துக்கொள்ளும். வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்தபிறகும் நெற்றியில் அந்தக் கட்டங்கள் இருக்கும்.

அவளுக்குப் பதினொரு வயது. உள்ளே ஒரு மரச் சட்டம் இருக்கிறது. பீம் என்பார்கள். அகலம் என் உள்ளங்கையளவு. அதன்மேல் ஏறி நின்று, பின்பக்கமாக வளைந்து, கண்ணுக்குத் தெரியாத மரத்தைக் கைகளால் பிடித்து, கால்களைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து, மறுபடி நிற்க வேண்டும். நிலத்தில் அவளுக்கு அது விளையாட்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் சின்ன ஹோலில் சோபாவைத் தள்ளிவிட்டுப் புரளுவாள். கீழ்வீட்டு அன்ரி தும்புத்தடியால் தன் கூரையில் தட்டுவா. பீமிலும் புரண்டுகொண்டுதான் இருந்தாள். ஒருநாள் ஒரு கை மரத்தைத் தவறவிட்டது. விலா அடிபட்டு விழுந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. நீலம் பாரித்தது, மஞ்சளானது, மறைந்தது. மறைந்ததெல்லாம் உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு, கைகள் மேலே போகும், கீழே வரும்.

வருட முடிவில் குழுவைப் பிரிப்பார்கள். பீமில் புரளக்கூடியவர்கள் போட்டிக் குழுவுக்குப் போவார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அத்துடன் சரி. அந்த வயதுக்கு மேலே சும்மா வந்து பழக அங்கே இடமில்லை. எங்களுக்கு இது தெரியும். அவளுக்கும் தெரியும்.

பழக்குகிற மிஸ் சிங்களவர். அதட்டத் தெரியாதவர். என்னையும் மனைவியையும் ஓரமாகக் கூப்பிட்டு, "கெதரதி மேக கென கதா கரண்ட எபா" என்றார். வீட்டில் இதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். கேட்கக் கேட்கத்தான் பயம் இறுகும். பொறுமையாக இருங்கள், தானாக வரும்.

பொறுமையாக இருந்தோம். பொறுமையை ஒரு வேலையைப் போலச் செய்தோம். அவள் வந்து ஓட்டோவில் ஏறியதும், எப்படிப் போனது என்று கேட்கத் துடிக்கிற என் வாய், "மழை வரும்போல கிடக்கு" என்று சொல்லும். வெயில் கொளுத்தும். அவள் வெளியே பார்த்தபடி, "ஓம் அப்பா" என்பாள். கனடாவிலிருந்து மனைவியின் அக்கா வீடியோவில் வந்து, "பெட்டை இப்ப பாயிறாளோ?" என்று ஆரம்பிப்பா. மனைவி அவசரமாக, "அக்கா, இஞ்ச சிக்னல் இல்லை, பிறகு எடுக்கிறன்" என்பாள்.

"சிக்னல் ஃபுல்லா இருக்கம்மா" என்று மகள் தலையை நீட்டிச் சொல்லுவாள்.

மிஸ் பிள்ளையோடு கதைக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். கடவுளோடு கதைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரை மீன் பொரியல். மனைவி தனக்குப் பருப்பும் கீரையும் மட்டும் போட்டுக்கொண்டாள். வயிற்றுக்குள் ஒரு மாதிரி என்றாள். அடுத்த ஞாயிறும் வயிற்றுக்குள் ஒரு மாதிரி. அதற்கடுத்த கிழமை இறால். இறால் என்றால் கழுவத் தேவையில்லாமல் பாத்திரத்தைத் துடைத்துவிடுகிறவள், என் சாப்பாட்டுக் கோப்பைக்கு எல்லாவற்றையும் வழித்துப் போட்டாள். குசினிக்குள் போய்க் கேட்டேன்.

"நேத்திக்கடனோ?"

"கேக்காதேங்கோ. சொன்னாப் பலிக்காது எண்டு தெரியுந்தானே."

"எதுவரைக்கும்?"

அவள் கேஸ் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அது நடக்குமட்டும்."

எங்கள் சனத்துக்கு இது பழக்கமான வழக்கு. பிள்ளைக்கு ஒன்றென்றால் காலி வீதிப் பிள்ளையார் கோயிலில் போய் நின்று, தன் வாயிலிருந்து ஒன்றைப் பிடுங்கிச் சாமியிடம் அடகு வைத்துவிட்டு வருவது. நடந்தால் மீட்கலாம். எனக்கு அதில் பிழையே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அவளிடம் கொடுக்க ஏதோ ஒன்று இருந்ததே என்று பொறாமையாக இருந்தது. நான் வெறும் நெற்றியைத்தான் வலையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயை மூடிக்கொண்டே மாதங்களைக் கடத்தினோம். பேசாமல் இருக்கிறோம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு மேசையில், மீன் வைக்காத அந்த ஒரு ஓரத்தில், வீட்டிலேயே பெரிய கதை நடந்துகொண்டிருந்தது.

கடைசி வகுப்பு ஒரு ஞாயிறு காலை. அன்றைக்கு மனைவி வரவில்லை, வந்தால் பிள்ளை தன் முகத்தைப் பார்த்துவிடுவாள் என்று. நான் வலைக்கு வெளியே. மகள் பீமில் ஏறினாள். கைகள் மேலே போயின. மிஸ் பீமுக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். அவளுடைய முதுகு கொஞ்சம் வளைந்தது. இவ்வளவு வளைந்து நான் பார்த்ததில்லை. என் உடம்பு யன்னலுக்கு இந்தப் பக்கம் தானாக வளைந்தது. பிறகு முதுகு நேரானது. கைகள் கீழே வந்தன. அவள் குந்தி, ஒரு கையை ஊன்றி, படியிறங்குகிற சாதாரணத்தோடு நிலத்தில் இறங்கினாள். மிஸ் அவளை அணைத்துக்கொண்டதைப் பார்த்தபோதே முடிந்துவிட்டதென்று தெரிந்தது.

ஓட்டோவில் நான் மழையைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை.

வீட்டில் அறக்குளா மீன் பொரித்திருந்தது. மனைவி எங்கள் முகங்களைப் பார்த்தாள், சோற்றைப் போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்திலும் மிஸ் சொன்னதை மீறவில்லை.

"அம்மா" என்றாள் மகள். "இனி நீங்கள் ஒருநாளும் மீன் சாப்பிடமாட்டீங்களோ?"

மனைவியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத் தெரியும். பீமில ஏறிக் கையைத் தூக்கினா உங்கட கோப்பைதான் தெரியிறது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தை ஒப்புவிப்பதுபோல் சொன்னாள்.

"பிள்ளையாரிட்ட நான் கதைக்கிறன்" என்றேன். "ரெண்டு மோதகத்தைக் கூடக் குடுத்துச் சமாளிப்பம்."

மகள் தன் கோப்பையிலிருந்த பெரிய துண்டை எடுத்து, தாயின் சோற்றின் மேல் வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடாவிட்டால், நடக்காத ஒன்றுக்காக அந்தத் தட்டு ஆயுள் முழுக்க வெறுமையாகக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பிள்ளை வளர வேண்டும். சாப்பிட்டால், நீ புரளமாட்டாய் என்று தாயே சொன்னதாகும். மூன்றாவது வழி ஒன்றை நான் தேடினேன். இன்றைக்கும் தேடுகிறேன்.

மனைவி துண்டைப் பிட்டாள். முள்ளை விலக்கினாள். வாயில் வைத்தாள். மெதுவாக, அவசரமே இல்லாமல், தோலையும் விடாமல், நடுமுள்ளைச் சூப்பி ஓரத்தில் வைக்கும்வரை சாப்பிட்டாள். மகள் கண்ணெடுக்கவில்லை. முடிந்ததும் மனைவி எழுந்து போய்ப் பைப்பைத் திறந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கை கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

"நல்லா இருந்ததோ அம்மா?"

"உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள் மனைவி.