ஒரே ஒரு முறை பாடிய செல்லாயி அக்கா

முனியாண்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது மழை பெய்துகொண்டிருந்தது. அக்கரப்பத்தனையிலிருந்து பஸ்ஸில் வந்து, கொட்டகலை கடைவீதியிலிருந்து நனைந்தபடியே நடந்திருக்கிறார். வேலை நாளில் அவர் அவ்வளவு தூரம் வந்ததிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. "செல்லாயி அக்கா போயிட்டாங்க மாஸ்டர். காலைல பெரட்டுக்கு ஆளக் காணோமேன்னு போய்ப் பாத்திருக்காங்க. படுத்தபடியே இருந்தாங்களாம்" என்றார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவரோடு புறப்பட்டேன்.

மாசி மாதத்தில் காமன் கூத்துப் பார்க்க அந்தப் பக்கம் வந்தவர்களுக்கு அக்காவின் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் அவர் பாடிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கேட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த வருஷங்களில் மாசி பிறந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஒவ்வொரு தோட்டத்திலும் காமன் பொட்டல் ஒன்று உண்டு. சில இடங்களில் அது காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களமாகவே இருக்கும். சில இடங்களில் கோயிலடி. அக்கா இருந்த தோட்டத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு மேடு. சுற்றிலும் தேயிலைச் சரிவு இருந்ததால் தப்பு மேளம் அடித்தால் சத்தம் வெளியே போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கூத்துப் பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் அந்த மேட்டைத்தான் சொல்வேன். காரணம், அங்கே ரதி வேஷம் கட்டிய கருப்பையா அண்ணன். அக்காவின் கணவர்.

கூத்தில் சிவன் கண்ணைத் திறந்து மன்மதனை எரித்துவிடுவார். ரதி சாம்பலைச் சுற்றி வந்து ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் மன்மதன் உயிரோடு எழுந்து வருவான். ரதியாக ஆடுவது எப்போதும் ஆண்தான். கருப்பையா அண்ணன் அக்காவின் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு ஆடுவார். பாட்டெல்லாம் வீட்டில் அடுப்பங்கரையில்தான் பாடமாகும். அவருக்கு அடி மறந்தால் ரொட்டி தட்டிக்கொண்டே அக்கா எடுத்துக் கொடுப்பார். "ஆடுறது நானு, பாட்டு அவளோடது" என்று அண்ணன் ஒருநாள் என்னிடம் சொன்னார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு அடைமழைக் காலத்தில் அண்ணனை மலையில் கான் வெட்ட அனுப்பினார்கள். தண்ணீர் வடிவதற்கு அவர் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே மேட்டு மண் சரிந்து அவரை மூடிவிட்டது. மறுநாள்தான் எடுத்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அக்காவைத் தடுத்துவிட்டார்கள். நான் போனபோது வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் பெண்கள் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா அழவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கருமாதி முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டார். கல் மனசுக்காரி என்று அப்போது பேசினார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அடுத்த மாசியில் ரதி வேஷம் முனியாண்டிக்கு வந்தது. இளவயது, நல்ல குரல். காமன் எரிந்து முடிந்து, விடிந்து, பனி விலகிக்கொண்டிருந்த நேரம். முனியாண்டி சாம்பலைச் சுற்றி வந்து ஒப்பாரியைத் தொடங்கினார். பாதியில் அடி மறந்து நின்றுவிட்டார். தப்பு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தது. முனியாண்டி அதைப் பிடித்துக்கொண்டு பாடியிருக்கலாம். ஆனால் அந்தக் குரல் நிற்கவில்லை. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கூத்துப் பாட்டில் இல்லாத அடிகள் வரத் தொடங்கின.

"மழையோட போனவரே, மண்ணுக்குள்ள கெடந்தவரே,
கானு வெட்டப் போன கையி காணாமப் போனதென்ன?"

அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. மற்றதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. தப்புக்காரர்கள் அடிப்பதை நிறுத்தாமல் அவர் குரலுக்கு இறங்கி வந்தார்கள். சிவன் வேஷக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். முடித்ததும் அக்கா யாரையும் பார்க்காமல் லயத்துக்குப் போய்விட்டார்.

அன்று மாலையே பெரியவர்கள் கூடினார்கள். தாலி அறுத்தவள் காமன் பொட்டலில் பாடலாமா, தோட்டத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றெல்லாம் பேச்சு. அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இனிமேல் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மறுவருஷம் நிலைமை மாறிவிட்டது. கினிகத்தேனையிலிருந்துகூட ஆட்கள் வந்து, ஒப்பாரி பாடும் அந்தப் பொம்பளை எங்கே என்று கேட்டார்கள். தோட்டத்துக்குப் பெயர் வருகிறது என்று தெரிந்ததும் அதே பெரியவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கோடு அக்காவின் வாசலுக்குப் போனார்கள். அக்கா தட்டைத் தொடவில்லை. அதற்கடுத்த வருஷமும் போனார்கள். அப்போதும் தொடவில்லை. அவருக்குத் திமிர் என்று பேச்சு வந்தது. முன்பு கல் மனசுக்காரி என்றவர்கள்தான் இப்போது இதையும் சொன்னார்கள்.

பிறகு ஹட்டன் நகரில் ஒரு மண்டபத்தில் கலைவிழா வைத்தார்கள். தோட்டத்துக் கூத்துகளை மேடையேற்றுவது என்று முடிவு. அக்காவை அழைத்து வரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் ரதிக்குப் பாடலைங்க மாஸ்டர். அவருக்கு அழுதேன். செத்த வீட்டுல வராத அழுக அங்கதான் வந்துச்சு. அழுது முடிச்சாச்சு. அதையே திருப்பி அழுகச் சொன்னா அது அவருக்கு இல்லையே, பாக்க வந்தவங்களுக்குத்தானே?"

நான் வற்புறுத்தவில்லை. விழாவுக்கு வேண்டுமானால் பார்க்க வருகிறேன் என்றார். வந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். மேடையில் முனியாண்டி அருமையாகப் பாடினார். நெடுநேரம் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது பாட்டு எப்படி என்று அக்காவிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் பாடுறான். மன்மதன் எந்திரிச்சு வந்துருவாருன்னு தெரிஞ்சு பாடுறான். அப்பிடித்தான் பாடணும். அது கூத்து."

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. முனியாண்டிமேல் அவருக்குப் பிரியம். ஒப்பாரியின் விட்டுப்போன அடிகளையெல்லாம் பிற்பாடு அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் அக்காதான். தன்னுடைய அடிகளை மட்டும் சொல்லவில்லை. அவற்றை இன்றைக்கு யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது.

கடைசியாக நான் அக்காவைப் பார்த்தபோது, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப் பேச்சுத்தான் லயமெங்கும். யார் இந்தியா போவது, யார் இருப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் சண்டை. வேறு தோட்டத்தில் வேலை செய்த அக்காவின் மகன் போகலாம் என்கிறானாம். அக்கா வெளியே சரிவைப் பார்த்துக்கொண்டு, "என்னைய எங்க வேணாலும் எழுதிக்கட்டும். அவர இங்கருந்து எடுத்துட்டுப் போக முடியாதில்ல" என்றார். போகவேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. அடக்கத்துக்கு அண்ணனுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. மண் ஈரமாக இருந்ததால் குழி வெட்ட நேரம் பிடித்தது. பெண்கள் அழுதார்கள். முனியாண்டியைப் பாடச் சொன்னார்கள். அவர் வாயைத் திறந்தார், பாட்டு வரவில்லை. யாரும் அவரை மறுபடி கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். இப்போது எந்தத் தோட்டத்துக்குக் கூத்துப் பார்க்கப் போனாலும், ரதி ஒப்பாரி தொடங்கியதும் ஆடுகிறவரை விட்டுவிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பிவிடுகிறேன். அங்கே யாராவது ஒருத்தி முந்தானையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, உதடு மட்டும் அசைய, வேறு யாருக்கோ பாடிக்கொண்டிருக்கிறாள்.