கரிசல் கிணற்றில் முங்கக் கற்பவர்களுக்கு

முங்கிப் பொருள் எடுப்பவனுக்கு மூச்சுதான் மூலதனம் என்று ஒரு மூடநம்பிக்கை நாடெங்கும் பரவியிருக்கிறது. வன்மையாக மறுக்கிறேன். மூச்சு எருமைக்கும் உண்டு. கொற்கையில் முத்துக் குளித்தவர்களைப் போற்றிய புலவர்கள் கரிசல்காட்டுக் கிணற்றில் இறங்கிப் பார்த்ததில்லை. எழுபதுகளில் கோவில்பட்டி வட்டாரத்தில் முங்கிப் பிழைத்தவன் என்ற முறையில், எந்தப் பயிற்சி உதவும், எது உதவாது என்பதை, காதில் தண்ணீர் ஏறிய சக தோழர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

ஆழம் போகும் பயிற்சி: சுமார்

கயத்தாறு பக்கம் ஒரு மிளகாய்த் தோட்டம். பம்புசெட் குழாயின் அடிவால்வில் சகதி அடைத்துத் தண்ணீர் ஏறவில்லை. அடிமட்டம்வரை போய்ச் சுத்தம் செய்துவிட்டு, பாதி உயிரோடு மேலே வந்தேன். தோட்டக்காரர் குனிந்து பார்த்தார். "நல்லா ஆழம் போறீரே. இன்னொருக்கா போயி, போன வருசம் விழுந்த என் செருப்பு கெடக்கான்னு பாரும்."

இருட்டில் தேடும் பயிற்சி: அவசியம்

அடிச்சகதி கலங்கிவிட்டால் கண் இருந்தும் பயனில்லை. விரல்தான் பார்க்க வேண்டும். குளத்தூரில் ஜெயராணி என்ற புதுப்பெண், சீராக வந்த பித்தளைக் குடத்தைக் கிணற்றில் விட்டுவிட்டாள். மாமியார் ஞானம்மாள் உப்பளத்து வேலைக்குப் போயிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "எம் பேரு வெட்டியிருக்கும் அண்ணாச்சி. வாக்கப்பட்டு ஒரு மாசங்கூட ஆவல. அத்தை அளத்துல இருந்து வாரதுக்குள்ள எடுத்துருங்க."

கரையேறும் பயிற்சி: எவரும் சொல்லித் தருவதில்லை

முதலில் அகப்பட்ட குடம் பச்சைக் களிம்பேறி இருந்தது. ஜெயராணி மண் போட்டுத் தேய்த்தாள். 'ஞானம்மாள்' என்று பெயர் தெரிந்தது. மாமியாரின் சீர்க் குடம். அவர் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் களவு போனதாக ஊரே நம்பிய குடம். நான் மறுபடி முங்கினேன்.

ஜெயராணியின் குடத்தோடு மேலே வந்தபோது, காலெல்லாம் உப்புப் பூத்து, ஞானம்மாளே நின்றிருந்தார். இரண்டு குடத்தையும் மாறிமாறிப் பார்த்தார். இத்தகைய வேளையில் முங்குகிறவன் கயிற்றைச் சுருட்ட வேண்டும், சுருட்டினேன்.

"கயித்து முடிச்சு அவுந்துட்டாக்கும்?" என்றார். மருமகள் தலையசைத்தாள். ஞானம்மாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். "ஏட்டி, எனக்கும் அப்படித்தான். எங்க அத்தைக்குப் பயந்து களவுன்னு சொல்லிட்டேன். அவிய சாவுத வரைக்கும் நம்புனாவ. நீ என்ன சொல்லலாம்னு இருந்த?"

"களவுன்னுதான், அத்தை."

அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து, குடத்தைக் களவு கொடுத்த இன்னும் மூன்று மாமியார்கள் எனக்கு ஆள் அனுப்பினார்கள்.