மூடுபனி கொண்டுபோன தம்பி

எங்கள் சிறுவர் நூலொன்றின் துயர முடிவைக் காத்து நின்றவன் நானே எனச் சிலர் எழுதியுள்ளனர். அப்பெருமை எனக்குரியதன்று. உரியவர்கள் யார் என்பது பதிவாக வேண்டும் என்பதற்காகவே இக்குறிப்பு.

குன்னூரில் சிறு பதிப்பகம் ஒன்றின் பதிப்பாசிரியராக இருந்தேன். அச்சுக்கு முன் ஒவ்வொரு கதையையும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். பெற்றோர் கொழுந்து பறித்துத் திரும்பும்வரை பிள்ளைகள் தங்கும் அவ்விடத்தை, இலங்கையிலிருந்து மீண்ட குடும்பங்கள் அப்பெயராலேயே அழைக்கின்றன. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் அங்கே கூடுவர்.

கலைச்செல்வி என்னும் இளம் எழுத்தாளர், சூனியக்காரி பிள்ளைகளைக் காட்டுக்குள் ஈர்க்கும் பழங்கதையை எங்கள் மலைக்குக் கொணர்ந்திருந்தார். மூடுபனி தாயின் குரலில் அழைக்கிறது. தம்பி கதவைத் திறந்து போய்விடுகிறான். தேடிச் செல்லும் அக்காளுக்கு அவன் குரல் மட்டுமே கிடைக்கிறது. அதைத் தேயிலை டப்பாவில் அடைத்து வீடு திரும்புகிறாள்.

பதிப்பக உரிமையாளர் கோவைக்காரர். “ஏனுங்கய்யா, பையன உசுரோட கொண்டாந்து உட்டா என்னங்க? இதப் படிச்சுப்போட்டு எந்தக் கொழந்தைங்க தூங்கும்?” என்றார். தம்பி நலமாகத் திரும்பும் முடிவொன்றைத் தாமே எழுதியும் வந்தார். அதுவே அச்சாகுமெனில் கதையைத் திரும்பப் பெறுவதாகக் கலைச்செல்வி கூறிவிட்டார். அது அவரது முதல் நூல். இரு முடிவுகளையும் வாசிப்பது, பிள்ளைகள் விரும்புவதை அச்சிடுவது என மூவரும் உடன்பட்டோம்.

மூவருமாகப் பிள்ளைக்காம்பராவுக்குச் சென்றோம். கதையைக் கலைச்செல்வியின் முடிவோடு முதலில் வாசித்தேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை.

ஒரு சிறுமி முன்னே நகர்ந்து, “அந்தக் கொரலுக்குப் பசிக்குமா?” என்றாள்.

நான் விடை தேடுமுன் பக்கத்திலிருந்தவள், “ரொட்டி சுடுறப்ப மூடியத் தொறந்து வச்சா போதும். வாசம் உள்ள போவும்ல” என்றாள்.

பிறகு அவர்கள் எங்களை மறந்தனர். டப்பாவைப் பள்ளிக்கு யார் எடுத்துச் செல்வது, குரல் மழையில் நனைந்தால் அடுப்பருகே வைக்கலாமா, அம்மா வந்ததும் முதலில் அதைத்தான் பேசவிட வேண்டுமா என வழக்காடினர். நாங்கள் அஞ்சி நின்ற இருளுக்குள் அவர்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தனர்.

உரிமையாளர் தம் முடிவை எழுதிய தாளை எடுத்தார். “ஏஞ்சாமி, அந்தத் தம்பி திரும்பி வரோணுமல்ல?”

முதலில் கேட்ட சிறுமி அவரை விளங்காமல் பார்த்தாள்.

“வந்துட்டான்ல சார்.”

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கதை, எழுதியபடியே அச்சேறியது.

பிள்ளைகளுக்கு எழுதுவோர் துயரத்தை ஒளிக்க வேண்டியதில்லை. அதனருகே பிள்ளைகள் செய்வதற்கு ஒரு வேலையை விட்டுவைத்தால் போதும் என்பதை அன்று கற்றேன்.

அன்று உடனிருந்தோர் இதைப் படிக்க நேர்ந்தால் என் பிழைகளைத் திருத்தியருள வேண்டுகிறேன். குறிப்பாக, அக்குரலைப் பேண அப்பிள்ளைகள் வகுத்த வழிகளில் எதையேனும் நான் விட்டிருந்தால், அறியத் தருக.