அத்தை இறந்த தேதி

கோச்சடை வீட்டுப் பட்டாவை மாற்ற, என் அத்தையின் இறப்புச் சான்று தேவைப்பட்டது. மேலூர் தாலுகா ஆபீசில் பழைய பதிவேட்டைப் புரட்டி ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். கிடைத்த சந்தோஷத்தில் முழுசாகப் படிக்காமலே போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அத்தையின் ஒரே மகன் போன் செய்தார்.

"மாப்ள, கிணத்துல விழுந்துன்னு போட்டிருக்கு. தேதியப் பாத்தா அப்ப நான் எட்டு மாசக் கைப்புள்ள. பிரசவத்துலன்னுதான சொன்னாக? இம்புட்டு வருசமா, என்னப் பெத்துத்தேன் ஆத்தா செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

குரூப்பில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். பெரியவர்கள் ஒருவர்கூட இன்றுவரை பதில் போடவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பழைய காகிதத்தில் ஒரு தேதி கண்ணில் பட்டாலும், அன்றைக்கு வீட்டில் யாருக்கு என்ன வயது என்று கணக்குப் பார்த்த பிறகே செல்போனை எடுக்கிறேன்.