செம்மண் பூசிய கிழங்கு

எண்பத்தாறாம் ஆண்டு லியோனின் வள்ளம் கடலில் நேவி சுட்டு வெடிபட்டுத் தாழ்ந்தது. நீந்திக் கரை சேர்ந்தவன் ஈரச் சாரத்தோடு குசினி வாசலில் குந்தியிருந்து, "இனிக் கடல் இல்லை" என்றான். அவனுடைய மனைவி மாக்கிறேற் அழவில்லை. குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறைப் பக்கம் மெலிஞ்சிமுனையில் அவர்கள் வீடு. இரண்டு பக்கத்து ஆட்களும் பரம்பரையாகக் கடலுக்குப் போனவர்கள். மண்வெட்டி பிடித்தவர் என்று குடும்பத்தில் ஒருவரும் கிடையாது. ஆனால் மாக்கிறேற் கருவாட்டுக் கடகத்தோடு உரும்பிராய்த் தோட்டங்கள் வரைக்கும் போய் வந்தவள். அங்கே மரவள்ளி வளர்கிற வளத்தைக் கண்டிருந்தாள். கடல் இல்லையென்றால் அதைச் செய்யலாம் என்று தோன்றியது.

காணி கேட்டு வேலணையில் தியாகலிங்கத்திடம் போனாள். அவருக்குக் காணி நிறைய. ஒரு லொறியும் இருந்தது. தீவுப்பகுதியில் விளைகிற கிழங்கும் வெங்காயமும் அந்த லொறியில்தான் யாழ்ப்பாணம் போகும். அவர் கேற்றைத் திறக்காமலே அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மீன்காரிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமோ?"

"பழகினால் தெரியும், ஐயா."

கரையோரமாக, எவரும் கேட்காத துண்டு ஒன்றைக் கொடுத்தார். விளைச்சலில் பாதி அவருக்கு. மீதிப் பாதியையும் அவருக்கே விற்க வேண்டும்.

முதல் வருடம் அவள் உரும்பிராயில் கண்டபடியே செய்தாள். அங்கே செம்மண் ஆளை விழுங்குகிற ஆழம். கிணற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க நல்ல தண்ணீர். மட்டமான பாத்தியில் தடியைச் சாய்த்து நட்டுவிட்டால் தொடை மொத்தத்தில் கிழங்கு இறங்கும். அங்கிருந்தே தடி வாங்கி வந்து, அதே மாதிரிச் சாய்த்து நட்டாள். மார்கழி மழை வந்தது. தீவு நிலத்தில் ஒரு முழம் கிண்டினால் சுண்ணாம்புக்கல். தண்ணீர் இறங்க வழியின்றிப் பாத்தி குளமாகிக் கிடந்தது. நட்ட தடியெல்லாம் கறுத்து அழுகின. தியாகலிங்கம் வரம்பில் நின்று சிரித்தார்.

"இது உரும்பிராய் இல்லைப் பிள்ளை."

நடுவதற்கு முன் சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஐப்பசிக்கு முன் அவள் அயல் வேலிகளுக்கு மேலால் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். மண்ணைக் கும்பி கும்பியாக உயர்த்தி, தடியை நிமிர்த்தி நட்டாள். கரையில் ஒதுங்கிய சாதாளைக் கடற்புல்லை அள்ளி வந்து, மழையில் உப்புக் கழுவவிட்டு, அடியில் புதைத்தாள். மீன் குடலும் செதிலும் காயவைத்து அதோடு சேர்த்தாள். கிணறு உவர்க்கத் தொடங்குவதற்கு முன் மாசியிலேயே கிண்டினாள். கல்லில் முட்டி வளைந்த, மணிக்கட்டு மொத்தக் கிழங்குகள்தான். ஆனாலும் மாவாக அவிந்தன. தியாகலிங்கம் லொறியில் ஏற்றும்போது மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மீன் நாத்தம்."

பொத்திய கையை எடுக்காமலே கடைசிக் கிழங்கு வரை ஏற்றுவித்தார்.

மூன்றாம் வருடம் மழை பாதியில் நின்றுவிட்டது. மாசியில் கிண்டப் போனவளை அவர் தடுத்தார். வைகாசியில் விலை ஏறும், அதுவரைக்கும் கிடக்கட்டும் என்றார்.

"ஐயா, கிணறு உவர்த்துப்போச்சு. இலையெல்லாம் கொட்டுது. இனிக் கிடந்தால் கைக்கும்."

"காணி ஆரின்ரை?"

காணி அவருடையதுதான். வைகாசி வரை கிழங்கு வறண்ட மண்ணுக்குள் கிடந்தது. கிண்டிய அன்று மாக்கிறேற் ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். நாக்கின் அடி வரை கைத்தது.

அப்படிப்பட்ட கிழங்கைத் தீவில் யாரும் எறிவதில்லை. அந்தக் கைப்புத்தான் நஞ்சு; அது போகத் தோலை ஆழமாகச் சீவி, மெல்லிதாக அரிந்து, தண்ணீரில் ஊறவிட்டு, மூடாத சட்டியில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் அவிப்பார்கள். செம்மண் பக்கத்தில் அந்த வேலை தேவைப்படுவதில்லை. உப்புப் போட்டு ஒரு கொதி, பிறகு சம்பல், அவ்வளவுதான். பட்டணத்து ஆட்கள் வாங்குவதும் பெரும்பாலும் அந்தக் கிழங்கைத்தான். தோலில் ஒட்டியிருக்கிற மண்ணை வைத்தே சந்தையில் விலை சொல்வார்கள். சிவப்பு மண்ணென்றால் உரும்பிராய், கறுப்பென்றால் வன்னி. சாம்பல் நிற மணல் ஒட்டியிருந்தால் தீவுக் கிழங்கு. அதற்குக் கடைசி விலை.

அன்று லொறியிலிருந்து நாலு சாக்கு இறங்கியது. உள்ளே செம்மண்.

"கிழங்கைக் கழுவிப்போட்டு, ஈரத்தோடை இந்த மண்ணைப் பூசு" என்றார் தியாகலிங்கம்.

"ஏன் ஐயா?"

"பார்வைக்கு."

"பூசினாலும் கைப்புப் போகாது. ரெண்டு தண்ணியிலை அவிக்கச் சொல்லியெண்டாலும் வில்லுங்கோ."

"சந்தையிலை நிண்டு சமையல் வகுப்பு எடுக்கிறதோ? பூசு."

அவள் பூசினாள். வீட்டில் அரிசி இல்லை, பூசினாள். செஞ்சேறு நகக்கண்ணில் ஏறி, உள்ளங்கை ரேகைகளில் இறுகியது. லியோன் கொட்டில் வாசலில் நின்று பார்த்தான்.

"கிழங்குக்குப் பவுடர் போடுறியோ?" என்று பகிடி விட்டான். அவள் சிரிக்கவில்லை. அவனும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை விட்டுவிட்டு அங்கிருந்து போய்விட்டான்.

மறுநாள் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனாள். சந்தையில் ஏரம்பு என்ற வியாபாரியின் முன்னால் அவளுடைய கிழங்கு குவிந்து கிடந்தது. கல்லில் வளைந்த ஒவ்வொன்றையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"உரும்பிராய்க் கிழங்கு! மா மாதிரி அவியும்!" என்று ஏரம்பு கூவினான்.

பச்சைச் சேலை உடுத்த ஒருத்தி குனிந்து தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். மாக்கிறேற் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, இது தீவுக் கிழங்கு. கைப்பு. சும்மா அவிச்சுத் தின்ன ஏலாது."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "உம்மடை கிழங்கை விக்கிறதுக்கு இந்தாளின்ரை கிழங்குக்குக் குறை சொல்லுறீரோ?"

மாக்கிறேற் ஒரு கிழங்கை எடுத்துச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். சிவப்பு கழன்று தலைப்பில் ஒட்டியது. கீழே வெளிறிய தோல்; அதன் மடிப்பில் சாம்பல் மணல். ஏரம்பு எழும்பிச் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குத் தெரியும். இஞ்சை யாவாரம் செய்யிற எல்லாருக்கும் தெரியும். நீதான் புதுசு. போ."

அதைவிட அவளுக்கு அருவருப்பாக இருந்தது பிறகு நடந்தது. பச்சைச் சேலைக்காரி கிழங்கைக் கீழே போடவில்லை. "அப்ப தீவு விலைக்குத் தா" என்று பேரம் பேசத் தொடங்கினாள். ஏரம்பு அவளுடைய வாயை மூடுவதற்காகப் பாதி விலைக்கு நிறுத்துக் கொடுத்தான். அவள் பை நிறைய வாங்கினாள்.

"ரெண்டு தண்ணி ஊத்தி அவியுங்கோ அக்கா. மறந்துபோகாதேங்கோ" என்று மாக்கிறேற் பின்னாலேயே போனாள்.

"ரெண்டு தரம் எரிக்க விறகு நீரோ தாறது?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். பின்னால் ஏரம்பு மறுபடி கூவினான். "உரும்பிராய்க் கிழங்கு!"

அந்தக் கிழமையே செய்தி வந்தது. பட்டணத்தில் ஒரு வீட்டில் மரவள்ளி அவித்துத் தின்றவர்கள் எல்லோரும் சத்தியெடுத்து மயங்கி விழுந்தார்களாம். கடைசிப் பெண்பிள்ளை தப்பாது என்றே நினைத்தார்களாம். பிறகு ஆஸ்பத்திரியில் கண் திறந்ததாம். அது பச்சைச் சேலைக்காரியின் வீடா, வேறு யாருடையதா என்று மாக்கிறேற்றுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

சந்தையில் கிழங்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்கள். தியாகலிங்கம் கொஞ்சமும் தயங்கவில்லை. மெலிஞ்சிமுனைக்காரி ஒருத்தி மீன் குடலை மண்ணில் தாட்டு நட்டவள், அழுகல் நஞ்சு கிழங்கில் இறங்கிவிட்டது, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். சந்தியில் அந்தக் கதை பரவியதை லியோன்தான் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான்.

"சனம் என்ன சொல்லுது?"

"ஓம் ஓம் எண்டு தலையாட்டுது."

அவளுக்கு அதுதான் ஆறவில்லை. கிழங்கு ஏன் கைக்கும் என்று தீவில் சிறுபிள்ளைக்கும் தெரியும். மீன் குடல் போடாத தோட்டக்காரரும் இல்லை.

மறுநாள் காலை, மிஞ்சிய ஒரு சாக்குச் செம்மண்ணை லியோனின் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வேலணைச் சந்திக்குப் போனாள். பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றார்கள். தியாகலிங்கமும் கடை வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். அவள் சாக்கை அவிழ்த்து, வெள்ளை மணல் ரோட்டில் அவ்வளவையும் கொட்டினாள்.

"வடிவாய்ப் பாருங்கோ! இது எங்கடை ஊர் மண்ணோ? இதைக் கொண்டுவந்து என்ரை கையாலை பூசுவிச்சது ஆர் எண்டு இந்த ஐயாவைக் கேளுங்கோ! நஞ்சு குடலாலையோ வந்தது? மாசியிலை கிண்டாமல் மறிச்சது ஆர்?"

சிலர் மண்ணைப் பார்த்தார்கள்; சிலர் ரோட்டின் மறுகரையைப் பார்த்தார்கள். தியாகலிங்கம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"விசர் பிடிச்சிட்டுது" என்று கடைக்காரனிடம் சொன்னார்.

பஸ் வந்தது. அவளுடைய துண்டுக்கு அயல்காணிக்காரரான அம்பலவாணர் அவளைக் கடக்கும்போது வாய்க்குள் சொன்னார். "எங்களுக்குத் தெரியும் பிள்ளை. என்ன செய்யிறது, அந்தாளின்ரை லொறியிலைதானே எங்கடையும் போகுது."

சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினார். மண் குவியலின் மேலால் பஸ்ஸின் சில்லு ஏறிப் போனது. மாக்கிறேற் ரோட்டில் காறித் துப்பினாள். அம்பலவாணருக்காக, ஏரம்புவுக்காக, பூசிய தன் கைக்காகவும்தான்.

காணியைத் தியாகலிங்கம் பிடுங்கிக்கொண்டார். லியோன் இன்னொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போனான். அவள் வீட்டு வளவுக்குள் பத்துக் கும்பி உயர்த்தி, மாசியில் கிண்டி, வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை மணல் ஒட்டியபடியே வாசலில் வைத்து விற்றாள். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் எப்படி அவிப்பது என்று சொன்னாள். சிலர் எரிச்சலோடு கேட்டுக்கொண்டு போனார்கள்.

தொண்ணூறு ஆவணியில் ஆமி வந்து இறங்க, தீவுச் சனம் கிடந்தது கிடந்தபடி விட்டுவிட்டு ஓடியது. வள்ளங்களில் அக்கரைக்குப் போய், மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். வகுப்பறைகளைச் சேலை கட்டிப் பிரித்திருந்தார்கள். இரண்டாம் நாள் சேலையை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது. தியாகலிங்கம். காணியும் லொறியும் போய், கசங்கிய வேட்டியோடு நின்றார்.

"மாக்கிறேற்றோ! நல்லதாய்ப் போச்சு, ஒரே ஊர்ச் சனம் பக்கத்திலை இருக்கிறது. எங்களுக்கு மரவள்ளிதான் பங்கிட்டவங்கள். வீட்டுக்காரிக்கும் ஏலாது. நீர் அவிக்கேக்கை எங்கடையையும் சேர்த்து அவிச்சுத் தாருமன்."

முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. கிழங்குப் பையை நீட்டிக்கொண்டு நின்றார்.

மாக்கிறேற் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையை வாங்கவில்லை. பாயைச் சுருட்டினாள், சட்டியை எடுத்தாள். வெளி விறாந்தையின் கடைசியில், மழைச்சாரல் அடிக்கிற மூலையில், இடம் காலியாக இருந்தது.

"அங்கை நனையும்" என்றான் லியோன்.

"நனையட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவன் வள்ளத்தில் ஏற்றி வந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனான்.