தாம்பாளத்தில் ஒரு சோடிச் சப்பாத்து

கனடாவில், பியர்பொன்ட்ஸில் பஸ் ஏறினால் வாரத்தில் ஒருவராவது எனக்கு ஸ்பானிய வணக்கமாக "ஓலா" சொல்லிவிடுவார். என் நிறத்தையும் மீசையையும் பார்த்து என்னை மெக்ஸிக்கோக்காரன் என்று முடிவு செய்வதில் வெள்ளைக்காரரும் மெக்ஸிக்கோக்காரரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். நானும் இப்போது மறுப்பதில்லை.

புவாண்ட்-கிளேர் வேர்ஹவுஸில் என்னோடு பெட்டி ஒட்டும் மார்த்தாவும் அப்படி ஸ்பானிய மொழியில் ஆரம்பித்தவர்தான். பிறகு இருவரும் அரைகுறைப் பிரெஞ்சில் சமாதானமானோம். கணவரோடும் மகளோடும் மெக்ஸிக்கோவிலிருந்து வந்து, அகதியாக ஏற்கும்படி விண்ணப்பித்துக் காத்திருந்தார். மகள் லூசியாவின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு எங்களை அழைத்தார். மண்டபம், தரையைக் கூட்டும் கவுன், கேக் எல்லாவற்றையும் வீட்டில் விவரித்தேன். பெண்பிள்ளை பெரியவளாவதைக் கொண்டாடுவது என்று மனைவி வதனாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"இது எங்கட சாமத்தியவீடுதானப்பா. பலகாரத் தட்டில்லாமல் போகேலாது."

பக்கத்து வீட்டுப் பரா அண்ணைக்கு இது பிடிக்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கிழித்து விமானக் கழிவறையில் போட்டுவிட்டு வந்திறங்கிய அவர், இப்போது கனடாவின் எல்லைகளை நினைத்து மிகவும் கவலைப்படுகிறார்.

"உவையின்ர அகதிக் கேஸ் எல்லாம் பொய், தம்பி. நாங்கள் வந்தது வேற."

"ஓம் அண்ணை, நீங்கள் வந்தமாதிரி ஒருத்தரும் வரேல்லை."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மண்டபத்தில் பலகாரத் தாம்பாளத்தைக் கொடுத்த வதனா, "பிள்ளை சரியான சின்னனா இருக்கிறாள், பதினைஞ்சு ஆயிட்டுதோ எண்டு கேளுங்கோ" என்றாள். கேட்டேன். மார்த்தா குரலைத் தாழ்த்தினார்.

"பதினைந்து வர இன்னும் ஒரு குளிர்காலம் இருக்கிறது. அதற்குள் முடிவு வந்துவிடும். மறுத்துவிட்டால் அங்கே போய் ஒளிந்திருக்கத்தான் முடியும். பாட்டுப் போட்டுக் கொண்டாட முடியாது."

பிறகு பயற்றம் பணியாரங்களைக் காகிதத் தட்டில் கொட்டிவிட்டு, எங்கள் வெள்ளித் தாம்பாளத்தில் ஒரு சோடிக் குதியுயர்ந்த சப்பாத்தை வைத்தார்.

"ஐயோ, தட்டில சப்பாத்து!" வதனா என் கையைக் கிள்ளினாள்.

தகப்பன் முழந்தாளிட்டு, மகளின் தட்டைச் சப்பாத்துகளைக் கழற்றி, உயர்ந்தவற்றை மாட்டினார். அதுதான் அவர்களுடைய சடங்கு. அவள் தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது வதனா கிள்ளுவதை நிறுத்தியிருந்தாள்.

அடுத்த வாரம் மார்த்தா தாம்பாளத்தைத் திருப்பித் தந்தார், சப்பாத்துகளோடு.

"உண்மையான பிறந்தநாளுக்கும் நாங்கள் இங்கே இருந்தால் போடுவாள். அதுவரை வைத்திருங்கள். உங்களை யாரும் போகச் சொல்லமாட்டார்களே."

எங்கள் வீட்டில் சப்பாத்துக்கு இடம் வாசல், தாம்பாளத்துக்குச் சாமியறை. இரண்டையும் பிரிக்க வதனா விடவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. வாசலுக்கும் சாமியறைக்கும் நடுவே, ஹோலின் தரையில், சப்பாத்துகள் தாம்பாளத்தில் நிற்கின்றன. பரா அண்ணை தேத்தண்ணிக்கு வரும்போது, அவற்றில் கால் படாமல் சுற்றி நடக்கிறார்.